மால்டா காகாவும் அறுபத்து நான்காம் படியும்

மால்டா என்கிற தீவு நாட்டைப் பற்றி இந்த உலகத்திலேயே அதிகம் தெரிந்த மனிதர் புனேயில், கட்கியில் இருக்கிறார். மால்டாவிலேயே பிறந்து, மால்டாவிலேயே கல்யாணம் செய்து, மால்டாவிலேயே மண்டையைப் போடப்போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் அவர் மால்டாவுக்குப் போனதில்லை. விமானம் ஏறியதில்லை. கடல் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மும்பை நாலு மணி நேரத்தில் வந்துவிடும். “அத்த பாத்து இன்னா ஆவப்போவுது? அது வேற கடலு” என்று இருந்துவிட்டார்.

ஆபீசில் அவரை மால்டா காகா என்போம். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. புனேயில் மீசை நரைத்த எல்லா ஆண்களும் காகாதான். அவருடைய தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்துவிட்ட குடும்பம். வீட்டுக்குள் வட ஆற்காட்டுத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். தமிழ் மணிக்கணக்காகப் பேசுவார், எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காகப் போனவள். வாகட்டில் வீடு, மகர்பட்டாவில் ஆபீஸ். புனே தெரிந்தவர்கள் இந்த இடத்தில் எனக்காக ஒரு நிமிடம் வருத்தப்பட்டுவிட்டு மேலே படிக்கலாம். ஒன்று ஊருக்கு மேற்கே, மற்றொன்று கிழக்கே. நடுவில் ஒரு முழு வாழ்க்கை டிராஃபிக்கில் கழியும்.

எங்கள் வேலை, வெளிநாட்டுச் சுற்றுலாத் தளம் ஒன்றுக்குத் தகவல் எழுதிக் கொடுப்பது. இந்தத் தீவில் சுவரில் எந்த மாதிரி பிளக் செருக வேண்டும், வண்டி எந்தப் பக்கம் ஓடும், சர்ச்சுக்குள் எப்படி உடுத்திக்கொண்டு போக வேண்டும், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா, இப்படி. ஆறு பேர், ஏழு தீவுகள். நான் டீம் லீடர். ஆறு பேரில் ஒருவர்கூட எந்தத் தீவையும் பார்த்ததில்லை, அது யாருக்கும் உறுத்தவும் இல்லை. நாலு தளத்தைப் படித்து ஐந்தாவதாக ஒன்றை எழுதுவோம். நாலு நாளில் ஒரு தீவு முடிந்துவிடும். காகா மால்டாவை எடுத்து பதினோரு மாதம் ஆகியும் விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன் அவர் புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் இருந்தவர். இயந்திரங்களை எப்படி இயக்க வேண்டும் என்று கையேடு எழுதுகிற வேலை.

“அங்க ஒரு வரி தப்பா எழுதனா ஒருத்தனுக்கு வெரலு பூடும்மா,” என்பார். “செஞ்சு பாக்காம ஒரு எயுத்து எயுத மாட்டேன்.”

“காகா, இங்க யாருக்கும் விரல் போகாதுங்க. பிளக்கு எத்தனை முள்ளுன்னு எழுதினா போதுங்க.”

“மூணு முள்ளு. அது எனக்கும் தெரியும். சதுர முள்ளு. நம்மூரு சார்ஜர் அதுல பூவாது. செருவிப் பாத்தாதான் எயுதுவேன்.”

அந்தச் சதுர முள் பிளக் பாயிண்ட் ஒன்றைக் கேம்ப் பகுதியில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, ஆபீஸ் சுவரில் மாட்டச் சொல்லி, செருகிப் பார்த்து, நாலாம் மாடி முழுக்க ஃபியூஸ் போனபிறகுதான் அந்த வரி எழுதப்பட்டது. அவருடைய பக்கத்தில் சோதித்துப் பார்க்காத வரி எல்லாம் சிவப்பில் இருக்கும். சோதித்து முடித்ததும் கறுப்பாக்குவார். அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தாலே நான் காலண்டரைப் பார்ப்பேன். அத்தனை சிவப்பு.

மால்டாவுக்கே போகாமல் மால்டாவைச் சோதிப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

ஒரு திங்கட்கிழமை சக்கர சூட்கேஸை இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செக்யூரிட்டி நிறுத்தித் திறந்து பார்த்தால் உள்ளே இருபது கிலோ கோதுமை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டல் வரைக்கும் கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க, காலையில் கல் பாவிய ஐந்தாறு சந்துகளில் இழுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, “பெரிய சக்கரம் வெச்ச பொட்டிதான் எடுத்துகினு வரணும், எயுதிட்டேன்” என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். கோதுமை ஒரு வாரம் என் மேஜைக்குக் கீழேதான் இருந்தது.

படகில் போனால் வாந்தி வருமா என்று தெரிய, சிட்டி பஸ்ஸின் கடைசி சீட்டில் காத்ரஜிலிருந்து நிக்டி வரைக்கும், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பேப்பர் படித்துக்கொண்டே போனார். வந்தது. அதையும் எழுதினார். சர்ச்சுக்குள் தோள் தெரியப் போனால் விடமாட்டார்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்களே, எந்த இடத்தில் நிறுத்துவார்கள், வாசலிலா, உள்ளேயா என்று பார்க்க, இங்கே ஒரு சர்ச் வாசலில் கை வைக்காத பனியனோடு போய் நின்றார். வாட்ச்மேன் தெரு முனை வரைக்கும் துரத்தினார். “வாசல்லயே. பைல ஒரு சால்வ வெச்சுக்கணும்” என்று அந்த வரி கறுப்பானது.

நான் அந்த வருடம் மூன்று தடவை ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மூன்றையும் எனக்கே அனுப்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குவார். பழைய புனேயில் கடைக்காரர்கள் அந்த மூன்று மணி நேரம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சாமியே வந்து கதவைத் தட்டினாலும் நாலு மணிக்கு வரச்சொல்வார்கள். மால்டாவிலும் நிறையக் கடைகள் மதியம் சாத்திவிடும் என்று படித்த அன்று, காகா சீட்டில் எழுந்து நின்றுவிட்டார். “நம்ம ஆளுங்கம்மா அவுங்க!” அன்றிலிருந்து ஒன்று முதல் நாலு வரை புனேக்காகத் தூக்கம். நாலரை முதல் ஏழரை வரை மால்டாவில் மதியம், அங்கே கூப்பிட்டு யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மிச்ச நேரத்தில் டீ.

அப்படித்தான் அந்தப் பத்தியை எழுதினார். மதியம் சாத்திய கடைக் கதவைத் தட்டாதீர்கள், உள்ளே இருப்பவர் உங்களை வெறுக்கவில்லை, காலை ஐந்து மணிக்கு எழுந்தவர், நாலு மணிக்கு வந்து முகத்தில் சிரிப்போடு வணக்கம் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று. பிற்பாடு கிளையன்ட் அந்தப் பத்தியை மட்டும் தனியாகப் பாராட்டி, இதை எழுதியவர் அந்தத் தீவில் பல வருடம் வாழ்ந்தவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பாஸ் மறுக்கவில்லை.

ஆனால் அது பிற்பாடு. அதற்கு முன்னால் படிக்கட்டு வந்தது.

மால்டாவின் தலைநகரத்தில் தெருக்களே படிக்கட்டாக இருக்கும். படகிலிருந்து இறங்கி மேலே ஊருக்குள் போக, காகா கம்ப்யூட்டரில் தெருப் படங்களை வைத்து எண்ணிப் பார்த்ததில் எண்பத்தெட்டு படி. முட்டி வலிக்காரர்கள் இதில் எந்த இடத்தில் உட்கார வேண்டியிருக்கும்? இதைச் சோதிக்க அவர் தன் மனைவியைப் புனேயில் இருக்கிற பர்வதி குன்றுக் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கோவிலுக்கு நூற்றுச் சொச்சம் படிகள் உண்டு. காகுவுக்கு, அதாவது காகாவின் மனைவிக்கு, இரண்டு முட்டியும் தேய்ந்தது. தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஏற்றினார். மூன்று முறையும் காகு சரியாக அறுபத்து நான்காம் படியில் “அவ்ளோதான்” என்று உட்கார்ந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். எப்போது முடிப்பார் என்று தெரிந்துகொள்ளத்தான். அறுபத்து நான்காம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே காகு என்னிடம் சொன்னார்:

“கல்யாணம் ஆயி முப்பது வருசத்துல இந்த மனுசன் என்ன எங்கயும் இட்டுகினு போனதில்லம்மா. இப்ப வாராவாரம் மால்டாவுக்கு இட்டுகினு வர்றாரு.”

காகா அதைக் காதில் வாங்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தத் தீவிலும் அறுபத்து நான்காம் படியில் உட்கார இடம் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அந்தப் படி முடிகிற இடத்தில் ஒரு குறுக்குத் தெரு வருகிறது. தெருப் படத்தில் அந்த முனையைப் பெரிதாக்கினார். ஒரு வெள்ளை வேன் நின்று மறைத்தது. வேறு மாதத்துப் படம் தேடினார். அதே வேன். வேறு வருடம். அதே வேன். இரண்டு நாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து வேனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவன் ஊட்டுக்கே போறதில்லையாம்மா?” என்று என்னிடம் முறையிட்டார்.

அந்தக் குறுக்குத் தெருவிலேயே ஒரு ரொட்டிக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரம்மாவை அவருக்கு ஏற்கெனவே போனில் பழக்கம். அந்த ஊரில் பட்டாணி வைத்துச் செய்கிற ஒரு பஃப்ஸ் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் அதைச் சாப்பிடலாமா, மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று கேட்க முதலில் கூப்பிட்டவர், பிறகு வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு சந்தேகத்துக்குக் கூப்பிடுவார். தொழிற்சாலையில் கற்ற இங்கிலீஷில், இயந்திரத்துக்கு விளக்கம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். இந்த முறை கூப்பிட்டபோது கடையில் கூட்டம். முனையில் உட்கார இடம் இருக்கிறதா என்றதற்கு அந்த அம்மா, இருக்கிறது இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

காகாவுக்குத் திருப்தி இல்லை. “அவ கடைல நின்னுகினு சொன்னா. குந்திப் பாத்து சொல்லல” என்றார். ‘அறுபத்து நான்காம் படி முடிந்ததும் வலது பக்கம் முனையில் ஒரு பெஞ்ச் இருக்கிறது, அதில் உட்கார்ந்து இளைப்பாறுங்கள்’ என்ற அந்த ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது. மற்ற எல்லாம் கறுப்பாகிவிட்டது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பாஸ் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தவறிவிட்டது, இன்று மாலைக்குள் மால்டா போகாவிட்டால் கிளையன்ட் போய்விடும், ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். நான் காகாவிடம் கெஞ்சினேன்.

“காகா, ஒரே ஒரு பெஞ்சுங்க. இன்னைக்கு அனுப்பியாகோணும்ங்க.”

“திங்கக்கெயம அந்தம்மாவ மறுபடி கேக்கறேன். இன்னிக்கு அங்க கூட்டம், நாளிக்கி நமக்கு லீவு, சண்டே அவுங்களுக்கு கட லீவு.”

“அப்ப அந்த வரியை எடுத்துடலாமுங்களா?”

“எடுத்துட்டா? மேல பூற வரைக்கும் எங்க குந்துவா அவ?”

அவள் யார் என்று நான் கேட்கவில்லை. மணி ஒன்றாகிவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். மூன்றே முக்காலுக்கு நான் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் பக்கத்திலேயே, நாற்காலியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிவப்பைக் கறுப்பாக்கி அனுப்பிவிட்டேன். டீமைக் காப்பாற்றிவிட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

நாலு மணிக்கு எழுந்தார். திரையைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

“செவப்ப கறுப்பாக்கிட்டியாம்மா?”

“ஆமாங்க காகா.”

“நீ குந்திப் பாத்தியா அங்க?”

நான் மௌஸை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

“முட்டிவலிக்காரி ஒருத்தி, அறுவத்தி நாலு படி ஏறி வந்து, நம்ம காயிதத்த கைல வெச்சுகினு, பெஞ்ச் எங்க, பெஞ்ச் எங்கன்னு தேடிகினு நிப்பா. அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

அதற்குப்பின் ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அந்த வரியை எடுத்துவிடலாம் என்று பாஸிடம் போய்ச் சொன்னேன். ஒரு திருத்தம் அனுப்பினாலும் பார்க்காமல் எழுதினோம் என்று தெரிந்துவிடும், ஏழு தீவையும் சந்தேகப்படுவார்கள், வாயைத் திறக்காதே என்றார். ரொட்டிக் கடை அம்மாவை மறுபடி கேட்கக் காகாவுக்கு மனம் வரவில்லை. “இல்லன்னு சொல்ட்டா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். எல்லாவற்றையும் செய்து பார்த்துத்தான் நம்புகிற மனிதர், அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளப் பயந்தார். அது என்னால்தான்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. எனக்கும் அவருக்கும் பேச்சு வந்துவிட்டது, ஆனால் பெஞ்ச் போகவில்லை. கேன்டீனில் வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று, “இன்னிக்கு அங்க முப்பத்தஞ்சு டிகிரியாம், நெழலு கூட இருக்காதும்மா அந்த மொனைல” என்பார். நான் வடாபாவைத் தட்டிலேயே வைத்துவிடுவேன்.

பிறகு கிளையன்டிடமிருந்து ஒரு புதிய விதி வந்தது. இனி ஒவ்வொரு பக்கத்தையும் நேரில் போய்ப் பார்த்த ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஒரு தகவல் தப்பாக இருந்தாலும் பக்கத்தைத் தூக்கிவிடுவார்கள். முதலில் மால்டா. ஒரு ஆளை அனுப்புங்கள், அந்தத் தீவில் வாழ்ந்த உங்கள் நிபுணரையே அனுப்பலாம்.

காகாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. அவசரமாக விண்ணப்பித்தோம். மகாராஷ்டிராவில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நம் ஆட்களுக்கு ஓர் இனிஷியலோடு சரி. இதனால் பள்ளிக்கூடச் சான்றிதழில் அவருடைய அப்பா பெயரே அவர் பெயராகிவிட்டிருந்தது. ரேஷன் கார்டில் வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது காகிதத்தில் இனிஷியலை ஒரு தனி மனிதனாகவே நினைத்து விரித்து எழுதியிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த மூன்று பேரில் யார் வெளிநாடு போகிறார்?” என்று கேட்டாராம். காகா வெளியே வந்து, “நல்லதாப் போச்சு” என்றார். “நான் போயி பாத்துட்டா அப்புறம் போவாதவங்களுக்கு எப்டி எயுதுவேன்? போவாதவனுக்குத்தாம்மா போறவனோட பயம் தெரியும்.” சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பாஸ்போர்ட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். நான்தான் போனேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே காகுவின் முட்டிப் பட்டைகள் இரண்டு.

“இத்த இறுக்கிக் கட்டிகினு ஏறு. உன்னுது சின்னப் பொண்ணு முட்டி, அதுல டெஸ்ட் பண்ணா செல்லாது. படக விட்டு எறங்கனதும் மொத வேல அதான். மத்தத அப்பறம் பாத்துக்கோ.”

“பெஞ்ச் இல்லீன்னா என்னங்க காகா பண்றது?”

பையின் வாயை முடிச்சுப் போட்டார். “இல்லன்னா இல்லன்னு எயுதிடு. பக்கம் போனா பூது.” பதினோரு மாதச் சிவப்பும் கறுப்பும், கழன்ற சக்கரமும், பஸ்ஸில் எடுத்த வாந்தியும் சேர்ந்துதான் அந்தப் பக்கம். அதைப் போனால் போகிறது என்று அவரே சொல்கிறார். வாகட் வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி டிராஃபிக்கைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தார்.

தீவில் இறங்கிய நிமிடத்திலிருந்து காகா சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. பிளக்கில் சதுர முள். நிறுத்தத்தில் நின்றால் மட்டும் பஸ் நிற்காது, கையைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். காட்டினேன், நின்றது. குழாய்த் தண்ணீரில் லேசாக உப்பு. சர்ச் கோபுரத்தில் இரண்டு கடிகாரம் இருக்கும், ஒன்று வேண்டுமென்றே தப்பான நேரம் காட்டும், சாத்தானை ஏமாற்ற, பதறாதீர்கள் என்று எழுதியிருந்தார். இரண்டு கடிகாரம், இரண்டு நேரம். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க எனக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. இந்த மனிதரின் பக்கத்தில் ஒரே ஒரு பொய் இருந்தால் அது நான் எழுதியது.

மறுநாள் காலை படகில் வந்து இறங்கினேன். முட்டிப் பட்டைகளை இறுக்கிக் கட்டினேன். ஒரு கையில் பக்கத்தின் பிரதி. எண்ணிக்கொண்டே ஏறினேன். நாற்பதிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பதில் காகுவை நினைத்துக்கொண்டேன். அறுபத்து இரண்டு. அறுபத்து மூன்று. அறுபத்து நான்கு.

வலது பக்கம், முனையில், வெள்ளை வேன் நின்றுகொண்டிருந்தது.

நான் வேனைச் சுற்றிக்கொண்டு போனேன். பெஞ்ச் இல்லை. கல் பெஞ்சும் இல்லை, மரப் பெஞ்சும் இல்லை. சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் போடுவார்களே, அந்த மாதிரி. பக்கத்தில் ரொட்டிக் கடை வாசல். கையெல்லாம் மாவோடு ஒரு அம்மா வெளியே வந்து, என் காலில் இருந்த பட்டையையும் கையில் இருந்த காகிதத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், உட்கார் என்று நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். அந்த அம்மா இங்கிலீஷில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

“எல்லாரும் இந்தக் காகிதத்தோடுதான் வருகிறார்கள். பெஞ்ச் எங்கே என்று என்னைக் கேட்கிறார்கள். இங்கே என்றைக்குமே பெஞ்ச் இருந்ததில்லை. இல்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் ஒருத்தி படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வயதானவள், தனியாக வந்தவள். அன்றைக்குத்தான் வீட்டிலிருந்து இதைக் கொண்டுவந்து போட்டேன். தினமும் காலையில் போடுகிறேன், கடை சாத்தும்போது எடுத்து வைக்கிறேன். யார் எழுதினார்கள் இதை? உனக்குத் தெரியுமா?”

கொழுப்புச் சேர்க்கிறீர்களா என்று போனில் கேட்பாரே, ஓர் இந்தியர், அவர்தான் என்றேன்.

“அவரா!” என்றார். “எனக்குப் போன் செய்கிறவர்களில் மதியம் கூப்பிடாதவர் அவர் ஒருத்தர்தான்.” உள்ளே போய் பட்டாணி பஃப்ஸ் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பக்கத்தில் சொல்லியிருப்பது எல்லாம் அங்கே இருக்கிறதா? பெஞ்ச் என்ற சொல்லுக்கு நேராக நாற்காலி என்று எழுதி, இருக்கிறது என்று கையெழுத்திட்டேன். கிளையன்டும் அதை ஏற்றுக்கொண்டு, பக்கத்தில் பெஞ்ச் என்ற சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். பக்கம் தப்பித்தது. எட்டு மாதம்தான். பிறகு அந்தச் சுற்றுலாத் தளத்தையே மூடிவிட்டார்கள். இப்போது தேடினால் கிடைக்காது. டீமும் கலைந்தது, நாங்கள் ஆறு பேரும் ஆறு ஆபீசுக்குப் போனோம். இத்தனை பாடுபட்டு என்ன கண்டோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே காகாவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை, காகா வீட்டில்தான் இருப்பார். அங்கே காலை எட்டரை, புனேயில் பகல் பன்னிரண்டு. அவர் தூங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார். ஹலோ சொல்லவில்லை.

“பெஞ்ச் கீதா, இல்லியா?”

“இருக்குதுங்க காகா. பெஞ்ச் இல்லீங்க. நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிங்க. ரொட்டிக் கடை அம்மா போட்டிருக்காங்க. நம்ம காயிதத்தைப் பாத்துட்டு வர்றவங்க கேட்டுக் கேட்டு, அவங்களே போட்டுட்டாங்க.”

பின்னால் காகு, “இன்னாவாம், இன்னாவாம்?” என்று கேட்பது காதில் விழுந்தது. படியில் உட்கார்ந்து அழுதவளைப் பற்றி நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் இங்கே சொல்லிவிட்டேன், நீங்களும் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

“கை வெச்ச நாற்காலியா, வெக்காததா?” என்றார் காகா. “கை இல்லன்னா முட்டிவலிக்காரி எயுந்துக்க முடியாதும்மா. செஞ்சு பாரு.”

இரண்டு கைப்பிடியையும் அழுத்திக்கொண்டு, காகுவின் பட்டைகளோடு மெதுவாக எழுந்து பார்த்தேன். எழ முடிந்தது.

“கை வெச்சதுதானுங்க காகா.”

“அப்ப சரி,” என்றார். “கறுப்பாக்கிடு.”

இப்போது சென்னையில் இருக்கிறேன். எந்த ஊரில் எந்தப் படிக்கட்டில் ஏறினாலும் என்னையறியாமல் எண்ணுகிறேன். அறுபத்து நாலில் உட்கார இடம் இருந்தால் கட்கிக்கு ஒரு போன் போட்டு அவரிடம் சொல்கிறேன், ஒரு மணிக்கு முன்னால்.